தட்டை எங்கே வைப்பது? கப்பலில் நான்கு இரவுகள்

கப்பலேறிய முதல் மதியம் எனக்கு வந்த பெரிய குழப்பம், சாப்பிட்டு முடித்த தட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான். பதினான்காம் தளத்தில் பஃபே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உணவு. பாதித் தட்டை நிரப்பி, சாப்பிட்டு, பழக்கதோஷத்தில் தட்டோடு எழுந்தேன். ஓர் இளம்பெண் ஓடிவந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த மேசையில் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்த மூன்று தோழிகளைப் பார்த்தேன். அவர்களும் ஆளுக்கொரு தட்டைப் பிடித்தபடி பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது வருஷத்துக்குக் குறையாத சமையலறை அனுபவம் இருக்கும். உடம்பு அதை அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை.

சிங்கப்பூர் மரினா பே துறைமுகத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. நால்வரும் ஒரே கல்லூரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள். கணவன், பிள்ளை, பேரக்குழந்தை யாரும் கூட வரக் கூடாது என்பது மட்டுமே நாங்கள் போட்ட நிபந்தனை. அதற்கு வீடுகளில் நடந்த பேச்சுவார்த்தைகளைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

கப்பல் என்று சொல்கிறேனே தவிர, ஏறியவுடன் கப்பல் என்ற நினைப்பே வரவில்லை. பதினாறு தளங்கள், நாலாயிரம் பயணிகள், ஆயிரத்தைந்நூறு ஊழியர்கள். நடுவில் கடைத்தெரு, சூதாட்டக் கூடம், நாடக அரங்கு, நீச்சல்குளங்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. அதனால்தான் விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. டைட்டானிக்கைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு கொள்ளளவு கொண்ட இந்தக் கப்பலும் இன்றைய கணக்கில் ராட்சசக் கப்பல் இல்லை. 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 365 மீட்டர் நீளம். ஊழியர்களைச் சேர்க்காமலே ஏழாயிரம் பேருக்கு மேல் அதில் ஏறலாம். நம்மூர்ப் பேரூராட்சிகள் சில அதைவிடச் சிறியவை.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்பது எனக்குத் தொழில்முறையிலேயே பிடித்த கதை. ஹம்பர்க் நகரில் கப்பல் நிறுவனம் நடத்திவந்த ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு கவலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆள் வருவதில்லை; பெரிய கப்பல்கள் சும்மா கிடக்கின்றன. 1891 ஜனவரியில் ஒரு கப்பலை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகப் பணம் கட்டும் பயணிகள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று. அதே நிறுவனத்தின் கப்பல்களில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழைகள் அமெரிக்காவுக்கு மூட்டை முடிச்சோடு கீழ்த்தளத்தில் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் கடல் கடக்கும் தொழில் படுத்துவிட்டது. கப்பல்கள் மியாமிக்குப் போய், வெயில் காயும் விடுதிகளாக மறுபிறவி எடுத்தன. 1977இல் தொடங்கி 1986 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'லவ் போட்' தொடர் நடுத்தரக் குடும்பங்களையும் இதில் இழுத்துப் போட்டது. அந்தத் தொடருக்கு மூலம், ஜெரால்டின் சாண்டர்ஸ் என்ற பெண் கப்பலில் கேளிக்கை இயக்குநராக வேலைபார்த்த தன் அனுபவங்களை வைத்து எழுதிய புத்தகம். தொடரிலும் கேளிக்கைக்குப் பெண், கப்பலை ஓட்டுவதற்கு ஆண். எங்கள் கப்பலிலும் அன்றாடம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் காற்றின் வேகம் சொன்னது ஆண் குரல். இரவு பிங்கோ ஆட்டத்துக்கு அழைத்தது பெண் குரல்.

கப்பல் புறப்படுவதற்கு முன் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. கைபேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, நமக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். தோழிகளில் ஒருத்தி, "பெண்களுக்குத்தானே முதல் படகு? சினிமாவில் பார்த்தோமே" என்றாள். டைட்டானிக் பற்றி விசாரித்த பிரிட்டிஷ் ஆணையத்தின் கணக்கு எனக்கு மனப்பாடம். மாணவிகளுக்குப் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். முதல் வகுப்புப் பெண்களில் 97 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 86. மூன்றாம் வகுப்பில் 46. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற அந்தப் பெருந்தன்மை, எந்தத் தளத்துப் பெண்கள் என்று பார்த்துத்தான் வந்தது. ஜன்னலில்லாத அறைக்காரிகளான எங்களுக்கு எந்த சதவீதம் என்று அவள் கேட்டாள். 1914இல் இதற்கென்று பன்னாட்டு ஒப்பந்தமே வந்துவிட்டது, பயப்படாதே என்றேன்.

அந்தக் கப்பலில் ஏறக்குறைய 900 ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 23 பேர். இருபது பேர் உயிர் பிழைத்தார்கள். கப்பல் மூழ்கிய நேரத்தோடு ஊழியர்களின் சம்பளமும் நின்றுபோனது.

அந்த இருபது பேரில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலட் ஜெசப், 1887இல் அர்ஜென்டினாவில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா இறந்ததும் அம்மா கப்பலில் பணிப்பெண்ணாகப் போனார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் படிப்பை விட்டுவிட்டு மகள் போனார். அந்தக் காலத்தில் கப்பல் பணிப்பெண் என்றால் பெரும்பாலும் நடுத்தர வயது தாண்டியவர். பலர் கப்பல் ஊழியர்களின் விதவைகள். கடலில் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு ஓய்வூதியம் தருவதற்குப் பதில் கடலிலேயே ஒரு வேலை! பெண் பயணிகள் வாந்தியெடுத்துக் கிடக்கும் அறைக்குள் ஆண் பணியாளர் போவது முறையாகாது என்பதால்தான் பெண்களை வேலைக்கு வைத்தார்கள். இருபத்தொரு வயது வயலட்டுக்கு அழகும் இளமையும் தகுதிக்குறைவாக நின்றன. பழைய உடையைப் போட்டுக்கொண்டு, முடிந்தவரை அழகில்லாமல் போய் நின்று 1908இல் வேலை வாங்கினார். 1911இல் ஒலிம்பிக் கப்பல் போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912இல் டைட்டானிக். 1916இல், மருத்துவமனைக் கப்பலாக மாறியிருந்த பிரிட்டானிக் மூழ்கியபோது செவிலியாக அதிலும் இருந்தார். மூன்றிலும் தப்பிவிட்டு மறுபடியும் கடலுக்கே போனார். உலகைச் சுற்றிய உல்லாசப் பயணக் கப்பல்களிலும் வேலைசெய்தார். தைரியசாலி என்று இணையத்தில் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, சம்பளத்துக்கு வேறு வழியில்லை என்பதுதான் முதலில் தோன்றுகிறது. அவருடைய நினைவுக் குறிப்புகள் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1997இல்தான் அச்சானது.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பெண் பிலிப்பைன்ஸ்காரி. முப்பத்துநான்கு வயது. முதல் நாள் இரவு சாப்பிட்டுவிட்டு வந்தபோது கட்டிலின் மேல் துண்டால் செய்த ஒரு யானை உட்கார்ந்திருந்தது. தும்பிக்கை, காது எல்லாம் இருந்தது. நால்வரும் குழந்தைகளைப் போலச் சிரித்தோம். மறுநாள் காலை நான் எழுந்ததும் போர்வையை மடித்து, குளியலறையைத் துடைத்துவிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "மேடம், நீங்கள் செய்யாதீர்கள், சூப்பர்வைசர் பார்த்தால் நான் வரவில்லை என்று நினைப்பார்" என்றாள். என் சொரணை என்று நான் நினைத்தது அவளுக்குத் தொந்தரவாகியிருந்தது. அதன்பின் போர்வையை உதறிப் போட்டுவிட்டு வெளியே போகக் கற்றுக்கொண்டேன். இதைக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். ஒப்பந்தம் எட்டு மாதம். பதினாறு அறைகள், ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு முறை. வாரவிடுமுறை என்று முழுதாக ஒரு நாள் கிடையாது; இடையிடையே சில மணி நேரம் கிடைக்கும். ஆறு வயது மகன் அவளுடைய அம்மாவிடம் வளர்கிறான். ஒப்பந்தம் முடிந்து போகும்போதெல்லாம் முதல் சில நாட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பாட்டிக்குப் பின்னால் நிற்பானாம். 2013இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, ஒரு மாலுமியை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும், ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேலும் வேலைவாங்கக் கூடாது. தொழிலாளர் பாதுகாப்புக்கென்று எழுதப்பட்ட சட்டத்தின் உச்சவரம்பே இதுதான் என்றால், அது வருவதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! கப்பலின் பின்புறத்தில் 'நசாவ்' என்று எழுதியிருந்தது. பஹாமாஸ் நாட்டின் தலைநகர். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் பதிவாகிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குள் செல்லும். வரியும் கூலியும் எங்கே தோதாக இருக்கிறதோ அங்கே பதிவுசெய்துகொள்வது இந்தத் தொழிலின் நூறாண்டுப் பழக்கம்.

இரண்டாம் நாள் பினாங்கு. தோழிகள் லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள். நான் ஒரு டாக்ஸி பிடித்துத் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போகச் சொன்னேன். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் நின்ற எங்கள் கப்பலிலிருந்து பார்த்தால் ஜெரெஜாக் தெரியாது. பாலத்தைத் தாண்டிப் போனால் கரைக்கு மிக அருகில் பச்சையாகக் கிடக்கிறது. எங்கள் அம்மாச்சியை இறக்கிய தீவு அது.

1951இல் ஏழு வயது மகளை, அதாவது என் அம்மாவை, கையில் பிடித்துக்கொண்டு அம்மாச்சி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். தாத்தா மூன்று வருஷம் முன்பே சுங்கைப் பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தார். 1926இல் கட்டிய ரஜூலாவுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. மேலே விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகளில் துரைமார். மற்றவர்களெல்லாம் டெக் டிக்கெட். டெக் டிக்கெட் என்றால் கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம் உன்னுடையது. ஒரு டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பு செய்துகொள்வார்களாம். பினாங்கு வந்ததும் மேல்தளத்தார் நேரே ஊருக்குள் போனார்கள். டெக் பயணிகளை ஜெரெஜாக்கில் இறக்கி, துணிகளை அவித்து, உடம்பைச் சோதித்து, சில நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். அந்தச் சோதனையைப் பற்றி அம்மாச்சி ஒருபோதும் விவரமாகச் சொன்னதில்லை. "ஆம்பள டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்.

தமிழ்ப் பெண்கள் அந்தக் கடலைக் கடந்த கதையைத் தேடினால் கணக்கேட்டில்தான் கிடைக்கிறது: கங்காணியோடு வந்த ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கிய மாவட்டங்களில் அரசே நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு வித்தியாசத்துக்குக் காரணம் எழுதவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் நாகையிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியபோது நாகம்மையாரும் உடன் போனார். அந்தப் பயணத்தில் பெரியார் பேசியதெல்லாம் நமக்குக் கிடைக்கிறது. தோட்டத்துப் பெண்களோடு நாகம்மையார் என்ன பேசியிருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ள நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆனால் அம்மாச்சி அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னது எல்லாமே துன்பம் இல்லை. இதைத்தான் நான் வகுப்பில் ஒருநாளும் சொல்லாமல் விட்டேன். எந்தப் பாடத்துக்குள்ளும் அது பொருந்தவில்லை. கப்பலில் டெக் பயணிகளுக்கென்று 'பண்டாரி' என்ற சமையல்காரர் உண்டு. அண்டாவில் சோறும் பருப்பும் வரும். வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். சோற்றில் கல் இருக்கும், பருப்பு தண்ணீராக இருக்கும். சுற்றிலும் வாந்தி நாற்றம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ஆறு நாளு நான் உல வைக்கலடி. ஒக்காந்த எடத்துக்குச் சோறு. ஒக்காந்து கடலப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்பார். பன்னிரண்டு வயதில் அடுப்படிக்குப் போனவர் அவர். தோட்டத்துக்குப் போனபின் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பால்வெட்டப் போனார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாகி ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பியபோது அவர்களும் திரும்பினார்கள். அதுவும் கப்பல்தான், இன்னொரு ஆறு நாள். ஆக, எழுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் மொத்தம் பன்னிரண்டு நாள்.

அன்று மாலை பினாங்கை விட்டுக் கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் இருந்தேன். யாரோ ஒருவர் வந்து, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாச்சி அமர்ந்து பார்த்த கடல்தான். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது, பிறகு கூச்சம் போய்விட்டது. அவர் அந்த ஆறு நாளை ரகசியம்போலச் சொன்னதற்குக் காரணம் என்ன என்று யோசித்தேன். கணவனைச் சேரப் போகும் பெண், பயத்தோடும் பிரிவோடும் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்; ஓய்வாக இருந்தேன், நன்றாக இருந்தது என்று சொன்னால் அது ஒரு மாதிரி. எங்கள் நால்வரிடமும் அந்தத் திருட்டுத்தனம் இன்னும் மிச்சமிருந்தது. இரவில் வீட்டுக்குப் பேசும்போது ஒவ்வொருத்தியும், "சாப்பாடு ஒண்ணும் அவ்வளவு சரியில்ல" என்றுதான் சொன்னோம்!

மூன்றாம் நாள் நடைபாதையில், தோளில் பட்டையணிந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். வழிசெலுத்தும் பிரிவில் அதிகாரி. ஒரு பெரிய உல்லாசக் கப்பலுக்கு முதல்முறையாக ஒரு பெண், ஸ்வீடனைச் சேர்ந்த கரின் ஸ்டார்-யான்சன், தலைமை மாலுமியானது 2007இல்தான். அதற்கு முன்னால் விக்டோரியா டிரம்மண்ட் இருக்கிறார். பிரிட்டனின் முதல் பெண் கப்பல் பொறியாளர். தலைமைப் பொறியாளர் தேர்வை 37 முறை எழுதினார். 37 முறையும் தோற்கடித்தார்கள். கடைசியில் பனாமா நாட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைசெய்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு நடுவில் இயந்திர அறையில் தனியாக நின்று கப்பலைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கினார். பதக்கம் தந்தார்களே ஒழிய, தேர்வில் பாஸ் போடவில்லை. 2021 கணக்குப்படி உலகில் சான்றிதழ் பெற்ற மாலுமிகளில் பெண்கள் 1.28 சதவீதம். கப்பலையே 'அவள்' என்று அழைத்த ஆங்கிலேயர்களின் தொழில் இது. லண்டனின் பழமையான கப்பல் நாளிதழ் 2002இல்தான் 'அவள்' என்பதை 'அது' என்று மாற்றிக்கொண்டது. தமிழில் கப்பல் எப்போதும் அதுதான். அதற்காக நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் அறைக்கதவில் வெளியே யார் என்று பார்க்க ஒரு சிறு கண்ணாடித் துளை இருந்தது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு 2010இல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கைப்பிடிச் சுவரின் உயரம், வல்லுறவுக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் உபகரணங்கள், பயிற்சிபெற்ற மருத்துவர், குற்றங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லாம் அதே சட்டத்தில்தான் வந்தன. கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களும் வன்முறைக்கு ஆளான பெண்களும் வருஷக்கணக்காகப் படியேறி வாங்கிய சட்டம். நடுக்கடலில் எந்த நாட்டுக் காவல்துறையிடம் புகார் கொடுப்பது என்றே தெரியாமல் நின்றவர்கள் அவர்கள். ஒரு துளைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நானும் தோழியும் அதன் வழியாக மாறிமாறிப் பார்த்தோம். எதிர் அறைக்கு வெளியே எங்கள் பணிப்பெண் வண்டியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்காமல் நின்றோம்.

கடைசி இரவு கணக்குச் சீட்டு வந்தது. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான டிப்ஸை அவர்களே சேர்த்திருந்தார்கள். பணிப்பெண்ணுக்குத் தனியாக ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம். எவ்வளவு என்று நால்வரும் அரை மணி நேரம் விவாதித்தோம். எங்கள் வீட்டு வேலைசெய்யும் பெண்களுக்கு நாங்கள் தரும் மாதச் சம்பளம் அந்த விவாதத்தில் குறுக்கே வந்து நின்றது. அதோடு பேச்சு நின்றுபோனது.

காலையில் இறங்க வரிசையில் நின்றபோது அவளிடம் கேட்டேன், பினாங்கில் எந்த இடம் உனக்குப் பிடிக்கும் என்று. அந்தக் கப்பலில் வந்து ஐந்து மாதமாகிறது, பினாங்குக்குப் பலமுறை வந்தாயிற்று, துறைமுகத்து வாசலில் இருக்கும் கடை வரை போயிருக்கிறேன் என்றாள். அங்கே இலவச வைஃபை உண்டாம், மகனிடம் பேசலாம். சொல்லிக்கொண்டே எங்கள் படுக்கை விரிப்புகளை உருவிச் சுருட்டினாள். மணி எட்டரை. அடுத்த நாலாயிரம் பேர் மதியம் ஏற வேண்டும்.